கணுக்கால் சுளுக்கு: காலுக்கும் மனத்துக்கும் பயிற்சி



இன்று கணுக்கால் சுளுக்கைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறேன். “இதில் பேச என்ன இருக்கிறது? எண்ணெய் போட்டு நீவிவிட்டால் சரியாகிவிடும்” என்று சிலர் நினைக்கலாம். நம் வீடுகளில் சுளுக்கு ஒரு நோயாகவே கணக்கில் வருவதில்லை. காய்ச்சல் வந்தால் படுத்துக்கொள்வோம். கால் பிசகினாலோ துணியைச் சுற்றிக்கொண்டு பிரட்டுக்குப் போய் நின்றுவிடுவோம். போகாவிட்டால் அன்றையக் கூலி போய்விடுமே என்ற கவலை. அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் ஆறாத காலோடு அவசரப்பட்டுப் போகிறவருக்கு அதே கால் மறுபடியும் மறுபடியும் பிசகுகிறது. ஒரு வாரக் கூலியைக் காப்பாற்றப் போய் ஒரு வருடக் கூலியை இழந்தவர்களும் நம்மிடையே உண்டு.

நான் சிரம்பான் பக்கம் லோபாக்கில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவள். மருத்துவம் படித்தவள் அல்லள். ஆனாலும் இந்த விஷயத்தை ஏன் எடுத்துக்கொண்டேன் என்றால், என் மாணவன் ஒருவனுடைய தாயாருக்கு நேர்ந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவரை அக்கா என்றே அழைப்பேன். இங்கும் அப்படியே சொல்கிறேன்.

அக்கா பால் வெட்டுகிறவர். முதல்நாள் இரவு நல்ல மழை. மறுநாள் வெயில் ஏறிய பிறகு வெட்டுக்குப் போய், பாலை எடுத்துக்கொண்டு மேட்டுக்காட்டிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். தோளில் காண்டாக் கம்பு, இரண்டு பக்கமும் வாளி. படிக்கட்டுபோல வெட்டிய செம்மண் சரிவில் இடது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. பாலும் கொட்டிற்று, காலும் வீங்கிற்று. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை, நார்தான் பாதி கிழிந்திருக்கிறது என்றார்கள். சில வாரங்களில் வீக்கம் வடிந்தது, வலியும் குறைந்தது. எல்லாம் சரி என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் அக்கா என்னிடம் ஒருநாள் சொன்னார்:

“காலு நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா அந்தச் சரிவைப் பாத்தா அது என் காலு மாதிரியே இல்ல. ராத்திரி கண்ண மூடினா விழுற மாதிரியே இருக்கு.”

நேயர்களே, இந்த வார்த்தைகளில்தான் இன்றைய பேச்சின் சாரம் முழுவதும் இருக்கிறது. கணுக்கால் பிசகும்போது காயப்படுவது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று, காலில் உள்ள நார். மற்றொன்று, அந்தக் காலின் மேல் நமக்கிருந்த நம்பிக்கை. முதலாவதற்கு மட்டும் வைத்தியம் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறோம்.

முதலில் காலைப் பார்ப்போம். கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்போடு எலும்பைக் கட்டி நிறுத்தும் மூன்று நார்ப்பட்டைகள் இருக்கின்றன. பாதம் உள்பக்கம் மடங்கும்போது இவை அளவுக்கு மீறி இழுபடுகின்றன. பெரும்பாலும் முன்பக்கம் உள்ள நார்தான் முதலில் கிழிகிறது. இந்த நார்கள் வெறும் கயிறுகள் அல்ல. பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு சாய்கிறது என்று மூளைக்கு நொடிக்கு நொடி செய்தி அனுப்பும் நரம்பு முனைகள் அவற்றில் இருக்கின்றன. இருட்டில் தலைவிளக்கோடு நடக்கும்போது காலைக் குனிந்து பார்க்காமலே அடியெடுத்து வைக்கிறோமே, அது இந்தச் செய்தியால்தான். நார் கிழியும்போது செய்தியும் மங்கிவிடுகிறது. 1965ஆம் ஆண்டில் ஃபிரீமன் என்ற ஆங்கிலேய எலும்பு மருத்துவர் இதை எடுத்துக்காட்டினார். சுளுக்கு ஆறிய பிறகும் கால் தள்ளாடுவதற்குக் காரணம் இந்தச் செய்தி குறைவதுதான் என்றும், சாயும் பலகையின்மேல் நின்று பழகினால் தள்ளாட்டம் குறைகிறது என்றும் அவர் எழுதினார். இன்றும் மருத்துவமனைகளில் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வதற்கு அதுவே அடிப்படை.

பயிற்சிக்குப் போகுமுன் முதல் சில நாட்களில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அடிபட்ட காலுக்கு ஓய்வு கொடுங்கள். படுக்கும்போது தலையணை வைத்து நெஞ்சு மட்டத்துக்கு மேலே காலை உயர்த்தி வையுங்கள். கட்டுத்துணியை இறுகாமல் சுற்றுங்கள். வலி தணிய, ஐஸைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். வீங்கியிருக்கும்போது சுளுக்கு எடுப்பவரிடம் போய்க் காலைத் திருகி இழுக்கச் சொல்லாதீர்கள். கிழிந்த சேலையை இழுத்தால் கிழிசல் பெரிதாகுமே தவிர ஒட்டிக்கொள்ளாது.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? கனடாவில் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992இல் ஓர் எளிய வழி சொன்னார்கள். அடிபட்டவர் நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியாமல் போனாலோ, கணுக்கால் மொட்டெலும்பின் பின்னோரத்தை அழுத்தினால் வலித்தாலோ படம் எடுத்துப் பார்க்க வேண்டும். இதனோடு, விரல்கள் மரத்துப்போனாலோ, நீலம் பாரித்தாலோ, ஜில்லிட்டுப்போனாலோ, தோல் கிழிந்து காயம் இருந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

இனி மனத்துக்கு வருவோம். மனத்தால் செய்யும் பயிற்சி தசைக்கு எப்படி உதவும் என்று நீங்கள் கேட்கலாம். 1930ஆம் ஆண்டு வாக்கில் சிகாகோவில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் ஒரு சோதனை செய்தார். ஆட்களை அசையாமல் படுக்க வைத்து, கையை மடக்குவதாக நினைக்க மட்டும் சொன்னார். கை அசையவில்லை. ஆனால் அந்தக் கையின் தசையில் மிக நுண்ணிய மின்துடிப்பு எழுந்ததைக் கருவி காட்டிற்று. நினைப்பு மூளையோடு நின்றுவிடவில்லை, தசை வரைக்கும் போயிருக்கிறது.

1992இல் அமெரிக்காவில் வேறு இரு ஆய்வாளர்கள் சுண்டுவிரலை வைத்துச் சோதித்தார்கள். நான்கு வாரம் உண்மையாகவே விரலுக்குப் பயிற்சி கொடுத்தவர்களுக்கு வலிமை சுமார் 30 விழுக்காடு கூடிற்று. பயிற்சி செய்வதாக நினைத்தவர்களுக்கு 22 விழுக்காடு கூடிற்று. எதுவும் செய்யாதவர்களுக்கு ஏறக்குறைய 4 விழுக்காடுதான்.

கணுக்காலில் இது பலிக்குமா? 2007இல் கிரேக்க நாட்டு ஆய்வாளர்கள், கணுக்கால் நார் பாதி கிழிந்த 20 விளையாட்டு வீரர்களைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் வழக்கமான பயிற்சி உண்டு. ஒரு பகுதியினருக்கு மட்டும் மனப்பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தார்கள். சேர்த்துச் செய்தவர்களின் கால் தசை களைப்பைத் தாங்கும் சக்தியில் முந்தி நின்றது. ஆனால் உடம்பைச் சமநிலையில் நிறுத்தும் திறனில் இரு பகுதியினருக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இதை நான் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. நினைத்தால் மட்டும் கால் நிற்கப் பழகாது. நிற்கப் பழக வேண்டுமானால் நின்றுதான் ஆக வேண்டும். மனப்பயிற்சி சோற்றோடு சேரும் குழம்பு போன்றது. குழம்பு மட்டும் பசியாற்றாது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஒரு முறை கற்றுக் கொடுத்தார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு ‘அ’ கற்பிக்கும்போது உடனே பென்சிலைக் கொடுக்கக்கூடாது. முதலில் எழுத்தைப் பார்க்கச் செய்து, கண்ணை மூடி மனத்தில் எழுதச் செய்து, காற்றில் விரலால் எழுதச் செய்து, அதன் பிறகே தாளில் எழுதவிட வேண்டும். அக்காவின் காலைப் பார்த்தபோது எனக்கு இந்தப் பாடம்தான் நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சிப் பிரிவில் அக்காவுக்குச் சில பயிற்சிகள் கொடுத்திருந்தார்கள். அவர்களிடம் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் ஒரு மனப்பயிற்சியைச் சேர்த்தோம். முதலில் நினை, பிறகு செய், இவ்வளவுதான் முறை. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, எழுத்துப் பயிற்சி. வலி சற்றுத் தணிந்ததும், மருத்துவர் அனுமதித்த பிறகு தொடங்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். பெருவிரலே எழுதுகோல். கண்ணை மூடி, பெருவிரல் ‘அ’ எழுதுவதாக நினையுங்கள். வளைவில் பாதம் எப்படித் திரும்பும், குதிகால் எங்கே போகும் என்று உள்ளிருந்து உணருங்கள். பிறகு கண்ணைத் திறந்து காற்றில் எழுதுங்கள். ‘அ’ முதல் ‘ஔ’ வரை பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் காலையிலும் மாலையிலும் எழுதுங்கள். முழங்காலை ஆட்டாமல் கணுக்காலால் எழுத வேண்டும்.

இரண்டாவது, இழுக்கும் பயிற்சி. தரையில் ஒரு துண்டை விரித்து, பாதத்தை அதன்மேல் வைத்து, விரல்களால் துண்டைச் சுருட்டி இழுங்கள். பிறகு பழைய சைக்கிள் டியூபை வெட்டி, ஒரு முனையை மேசைக் காலில் கட்டி, மறுமுனையைப் பாதத்தில் மாட்டிக்கொண்டு பாதத்தை வெளிப்பக்கமாக மெல்ல இழுங்கள். பாதம் உள்ளே மடங்காமல் பிடித்து நிறுத்துவது வெளிப்பக்கத்துத் தசைதான். பத்துத் தடவை போதும். இதையும் முதலில் மூன்று தடவை மனத்தில் இழுத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மூன்றாவது, குதிகால் தூக்குதல். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகால்களையும் தூக்கி நின்று மெதுவாக இறக்குங்கள். வலியில்லாமல் செய்ய வந்த பிறகு, அடிபட்ட காலில் மட்டும் செய்யலாம்.

நான்காவது, ஒற்றைக்கால் நிலை. சுவரோரமாக, கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, அடிபட்ட காலில் மட்டும் முப்பது வினாடி நில்லுங்கள். இது எளிதான பிறகு கண்ணை மூடி நில்லுங்கள். அதன்பின் மடித்த தலையணைமேல் நில்லுங்கள். மங்கிப்போன செய்தி மறுபடியும் மூளைக்குப் போகப் பழகுவது இதில்தான். வீட்டில் ஒருவர் பக்கத்தில் நின்றுகொள்வது நல்லது.

ஐந்தாவது, நிரை நடை. இதுதான் மனத்துக்கு முக்கியமான பயிற்சி. அமைதியான நேரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடுங்கள். வேலைக்குப் போகும் காலணியையே போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நிரையில் முதல் மரத்திலிருந்து நடக்கத் தொடங்குங்கள். கால்வாய்ப் பலகை, வேர் புடைத்த இடம், சரிவின் முதல் படி எல்லாவற்றையும் மனத்தில் கடந்து வாருங்கள். சினிமாவில் வேறொருவர் நடப்பதைப் பார்ப்பதுபோல் பார்க்காதீர்கள். பாதம் மண்ணை அழுத்துவதை உணருங்கள். உண்மையில் நடக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் போதும். மனத்தில் கால் வழுக்கினால் நின்று, மூச்சை மெல்ல விட்டு, அதே படியைச் சரியாக வைத்து மறுபடியும் இறங்குங்கள்.

அக்கா இரவில் கண்ணை மூடினால் விழுவதுபோல் இருக்கிறது என்றாரே, நினைவிருக்கிறதா? நேயர்களே, அதுவும் ஒரு மனப்பயிற்சிதான். ஆனால் தவறான பயிற்சி. தினமும் இரவில் அவர் விழுவதற்கே பழகிக்கொண்டிருந்தார். பயந்த கால் விறைத்துக்கொள்கிறது, விறைத்த கால் மண்ணுக்கு ஏற்றபடி வளையாது. ஆகவே பயம் விழுவதற்கே வழி செய்கிறது. அந்த ஐந்து நிமிடத்தை நாம் நல்ல நடைக்குத் திருப்பினோம், அவ்வளவுதான்.

நம் பால்மரத்துக்கும் இந்தப் பேச்சுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவில் ஜெய்ப்பூர் நகரத்தில், மருத்துவர் சேத்தியும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து, கால் இழந்தவர்களுக்காக ஒரு செயற்கைப் பாதம் செய்தார்கள். அது ரப்பரால் ஆனது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கிய ரப்பர் வளைந்து கொடுக்கும், பாரத்தையும் தாங்கும். அதைப் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடக்கலாம், சம்மணம் போட்டும் உட்காரலாம். அந்தப் பணிக்காகச் சேத்திக்கு 1981இல் மக்சேசே விருது கிடைத்தது.

அதே 1981ஆம் ஆண்டு மே மாதம், மும்பையைச் சேர்ந்த பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் தமிழ்நாட்டில் ஒரு பேருந்து விபத்தில் சிக்கினார். வலது காலில் ஏற்பட்ட காயம் அழுகல் கண்டு, உயிரைக் காப்பாற்றக் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. அவர் அப்போது இளம்பெண். சேத்திக்குக் கிடைத்த விருதைப் பற்றிப் படித்து, அவரைத் தேடிப் போய் ஜெய்ப்பூர்ப் பாதம் பெற்றார். புதிய காலோடு மறுபடியும் முதல் பாடத்திலிருந்து அடவு பழகினார். வலியும் வீக்கமும் வந்தன, நிறுத்தவில்லை. 1984 ஜனவரி 28ஆம் நாள் மும்பையில் மீண்டும் மேடையேறி ஆடினார். பிறகு தம் கதையைச் சொல்லும் ‘மயூரி’ என்ற படத்தில் தாமே நடித்தார்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. காலில் உள்ள காயத்தைச் சிறியது என்று தள்ளக்கூடாது என்பது ஒன்று. மற்றொன்று இது. புதிய பாதத்தில் நரம்பும் இல்லை, நாரும் இல்லை. தரையைப் பற்றி அந்தப் பாதம் ஒரு செய்தியும் சொல்லாது. அப்படியிருந்தும் அவர் ஆடினார் என்றால், ஆட்டம் பாதத்தில் மட்டும் இருக்கவில்லை என்பதுதானே பொருள்? பல வருடம் பழகிய அடவுகள் அவர் மனத்தில் அழியாமல் இருந்தன. ஆனால் மனத்தில் இருந்ததை உடம்புக்குக் கொண்டுவர இரண்டு வருடத்துக்கும் மேலான உழைப்பு தேவைப்பட்டது. மனமும் காலும் ஒன்றையொன்று தூக்கிவிட்டன.

நமக்கு வந்திருப்பது சாதாரணச் சுளுக்கு. அதற்கு இரண்டு வருடம் வேண்டாம். இலேசான சுளுக்கு ஓரிரு வாரத்தில் தேறும். பாதி கிழிந்த நார் தேறப் பல வாரம் பிடிக்கும். முழுதும் கிழிந்தால் மாதக்கணக்காகும். அதுவரை பொறுக்க வேண்டும். பயிற்சியின்போது இலேசான வலி இருந்தால் பயப்பட வேண்டாம். குத்தும் வலி வந்தாலோ, மறுநாள் வீக்கம் கூடினாலோ ஒரு படி கீழே இறங்கி, முந்திய பயிற்சிக்குப் போங்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சுளுக்குக்கும் பொருந்தும்.

பொறுக்கலாம், கூலிக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். வேலை செய்யும்போது ஏற்பட்ட காயம் என்றால் அன்றே மண்டோரிடமோ ஆபீசிலோ சொல்லிப் பதிவு செய்யுங்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த சொக்சோ இதற்காகவே இருக்கிறது. முதலாளி 48 மணி நேரத்துக்குள் விபத்தைத் தெரிவிக்க வேண்டும். மருத்துவர் கொடுக்கும் விடுப்பு, விபத்து நடந்த நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், கணக்கிடப்படும் தினக் கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். சுளுக்குதானே என்று சொல்லாமல் விட்டால் இந்த உரிமையும் போய்விடும். எம்.சி. தாளைப் பத்திரமாக வையுங்கள்.

அக்காவின் கதையை முடித்துவிடுகிறேன். மாலையில் அவர் காலால் எழுத்து எழுதும்போது அவருடைய மகன் பக்கத்தில் உட்கார்ந்து, “அம்மா, ‘ஐ’ தப்பு, மறுபடியும் எழுதுங்க” என்று திருத்துவான். வீட்டுக்காரர் ஒற்றைக்கால் நிலைக்கு வினாடி எண்ணுவார். இப்படி வீடே சேர்ந்துகொண்டது. இரண்டரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாளியும் கம்பும் இல்லாமல், அந்தச் சரிவுக்கு நானும் அவரோடு போனேன். மேலே நின்று ஒரு நிமிடம் கண்ணை மூடினார். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே வந்து, “கொஞ்சம் நடுக்கந்தான் டீச்சர். ஆனா இது என் காலுதான்” என்றார். மறுவாரம் வேலைக்குப் போனார். இப்போதும் மழை பெய்த மறுநாள் கவனமாகத்தான் இறங்குகிறார். அது பயமல்ல, நிதானம்.

நேயர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது கால் பிசகி, வீக்கம் வடிந்த பிறகும் அவர் தயங்கித் தயங்கி நடந்தால், சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டாவது காயம் இன்னும் ஆறவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். மருத்துவரின் ஆலோசனையோடு, காலைக்கும் மாலைக்கும் பத்து நிமிடம் அவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். வேறு யாரும் அகப்படாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை உட்கார வையுங்கள். எழுத்தும் படியும், காலும் தேறும்.